எல்லைக் கூறு முறை: பொருட்களில் வெப்பத்தையும் தகைவையும் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

துளையுள்ள தகட்டை இழுத்தால் விரிசல் துளையின் விளிம்பில் தொடங்குகிறது. சூடான உலோகத்தைத் திடீரெனக் குளிர வைத்தால் மேற்பரப்புதான் முதலில் வெடிக்கிறது. பற்சக்கரத்தில் பல்லின் அடி வளைவு, தண்டில் விட்டம் மாறும் இடம் என்று பொறியாளர் கவலைப்பட வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை பொருளின் எல்லையிலேயே இருக்கின்றன. அப்படியிருக்க, பொருளின் உட்பகுதி முழுவதையும் வலையாகப் பிரிக்காமல் எல்லையை மட்டும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்குப் போட முடியுமா? முடியும். அதற்கான வழிதான் எல்லைக் கூறு முறை.

இதன் வேர்கள் பழையவை. 1828-ல் ஜார்ஜ் கிரீன் தந்த தொகையீட்டுச் சூத்திரம், 1848-ல் கெல்வின் கண்ட புள்ளிவிசைத் தீர்வு, 1872-ல் பெட்டி நிறுவிய பரிமாற்றத் தேற்றம் மூன்றும் கைவசம் இருந்தும், கணினி வந்த பிறகுதான் இவை கணக்கிடும் கருவியாக மாறின. 1963-ல் ஜாஸ்வனும் சிம்மும் வெப்பம் போன்ற நிலையாற்றல் கணக்குகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 1967-ல் ரிசோ இதை மீள்தன்மைக் கணக்குக்குக் கொண்டுவந்தார். இப்போதைய பெயர் 1970-களில் நிலைத்தது.

இந்த வழிகாட்டியில் முதலில் வெப்பம், பிறகு தகைவு (பொருளுக்குள் அலகுப் பரப்பில் எழும் விசை) என்ற வரிசையில் போகிறேன். வெப்பத்தில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு எண்தான் தெரியாதது. அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், தகைவு அதே கணக்கின் பெரிய வடிவம் என்பது தானாகப் புரியும்.

முதலில், இந்த முறை உங்கள் கணக்குக்குப் பொருந்துமா?

ஒரு கனசதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 20 பாகமாகப் பிரித்தால் உட்பகுதி முழுவதையும் வலையாகப் பிரிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு 9,261 கணுக்கள் (மதிப்பைக் கணக்கிடும் புள்ளிகள்) வேண்டும். மேற்பரப்பில் மட்டும் என்றால் 2,402 போதும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்லைக் கூறு முறையில் வரும் அணி முழுவதும் நிரம்பியது, பூச்சியங்கள் கிடையாது, சமச்சீரும் கிடையாது. அதனால் கணுக்கள் குறைந்தாலும் ஒவ்வொரு கணுவுக்கும் ஆகும் செலவு அதிகம்.

பொருள் ஒரே சீரானது, நடத்தை நேரியல், அக்கறைப்படும் இடம் மேற்பரப்பு அல்லது விரிசல் நுனி, சுற்றியுள்ள பகுதி எல்லையற்று விரிந்தது (நிலத்தடிச் சுரங்கம் போல) என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். பொருள் பரவலாக நெகிழ்ந்து நிரந்தரமாக உருமாறுகிறது, பண்புகள் புள்ளிக்குப் புள்ளி மாறுகின்றன, அல்லது வடிவம் மிக மெல்லிய தகடு என்றால் ஃபைனைட் எலிமென்ட் பக்கமே இருங்கள்.

படி 1: அடிப்படைத் தீர்வைப் பிடியுங்கள்

நிலையான வெப்ப ஓட்டத்தில், உள்ளே வெப்ப மூலம் எதுவும் இல்லாதபோது, வெப்பநிலை லாப்லாஸ் சமன்பாட்டுக்குக் (எந்தப் புள்ளியிலும் உள்வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமம் என்ற விதி) கட்டுப்படும். எல்லையற்ற ஒரு தகட்டில் ஒரே ஒரு புள்ளியில் ஓர் அலகு வெப்பத்தை ஊட்டினால் வெப்பநிலை எப்படிப் பரவும்? அந்த விடைதான் அடிப்படைத் தீர்வு. கடத்துத்திறனை 1 என்று வைத்தால், இரு பரிமாணத்தில் அது தூரத்தின் இயல் மடக்கையை 2π-ஆல் வகுத்து எதிர்க்குறி இட்டது. முப்பரிமாணத்தில் 1-ஐ 4π மடங்கு தூரத்தால் வகுத்தது.

இந்த ஒரு தீர்வு உட்பகுதியின் இயற்பியல் முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. எந்த வடிவமாக இருந்தாலும் உள்ளே சமன்பாடு சரியாகவே நிறைவேறும். தோராயம் என்பது எல்லையில் மட்டும்தான் நுழைகிறது. இந்த முறையின் துல்லியம் வருவது இங்கிருந்துதான்.

படி 2: எல்லைச் சமன்பாட்டை எழுதுங்கள்

கிரீன் சூத்திரத்தில் உண்மையான வெப்பநிலையையும் அடிப்படைத் தீர்வையும் சேர்த்துப் போட்டால், உட்பகுதித் தொகையீடு மறைந்து எல்லைத் தொகையீடுகள் இரண்டு மட்டும் மிஞ்சும். வார்த்தையில் சொன்னால்:

கெழு × புள்ளியின் வெப்பநிலை + (எல்லை வெப்பநிலை × அடிப்படைத் தீர்வின் செங்குத்துச் சரிவு) தொகையீடு = (எல்லையில் வெப்பநிலையின் வெளிநோக்கிய சரிவு × அடிப்படைத் தீர்வு) தொகையீடு.

கெழுவின் மதிப்பு புள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது: பொருளுக்கு உள்ளே 1, வழுவழுப்பான எல்லையில் 1/2, மூலையில் உட்கோணத்தை 2π-ஆல் வகுத்த எண். செங்கோண மூலை என்றால் 1/4.

எல்லையின் பெரும்பாலான இடங்களில் வெப்பநிலை, சரிவு இரண்டில் ஒன்று தெரியும், மற்றது தெரியாது. வெப்பக் காப்பிட்ட பக்கத்தில் சரிவு 0. காற்றில் குளிரும் பக்கத்தில் இரண்டுமே தெரியாது, ஆனால் இரண்டையும் இணைக்கும் விதி தெரியும். ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சமன்பாடு, ஒரு தெரியாத எண்.

படி 3: நான்கே கூறுகளில் ஒரு முழுக் கணக்கு

நிரல் எழுதும் முன் இதைக் காகிதத்தில் போடுங்கள். பக்கம் 1 உள்ள சதுரத் தகடு. இடப்பக்கம் 100 டிகிரி, வலப்பக்கம் 0, மேலும் கீழும் வெப்பக் காப்பு. சரியான விடை நமக்குத் தெரியும்: வெப்பநிலை இடமிருந்து வலமாக நேர்கோட்டில் இறங்கும், இடப்பக்கத்தில் வெளிநோக்கிய சரிவு 100.

பக்கத்துக்கு ஒரு கூறு, கூறின் நடுவில் ஒரு கணு, கூறு முழுவதும் மதிப்பு மாறாது என்று எடுத்துக்கொள்வோம். இனி இரண்டு அணிகள் வேண்டும். வெப்பநிலையைப் பெருக்கும் அணியை ஹெச் என்றும் சரிவைப் பெருக்கும் அணியை ஜி என்றும் அழைப்பது வழக்கம்.

ஹெச் அணிக்குத் தொகையீடு செய்யவே தேவையில்லை. ஒரு நேர்க்கூறு கணுவிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு கோணத்தில் விரிகிறதோ, அதை 2π-ஆல் வகுத்து எதிர்க்குறி போட்டால் அதுவே விடை. ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கம் விரியும் கோணம் 0.9273 ரேடியன், ஒட்டிய பக்கங்கள் ஒவ்வொன்றும் 1.1071. எனவே எதிர்ப்பக்க உறுப்பு −0.1476, ஒட்டிய பக்க உறுப்பு −0.1762, மூலைவிட்ட உறுப்பு 0.5. ஒரு வரிசையைக் கூட்டிப் பாருங்கள்: 0.5 − 0.1476 − 2 × 0.1762 = 0. இது தற்செயல் இல்லை. தகடு முழுவதும் ஒரே வெப்பநிலை என்றால் எங்கும் சரிவு இருக்கக் கூடாது, அதனால் வரிசைக் கூட்டுத்தொகை 0 ஆகியே தீர வேண்டும்.

ஜி அணியில் மூலைவிட்ட உறுப்புதான் கவனிக்க வேண்டியது. கணு அதே கூறின் மேல் இருப்பதால் தூரம் 0 ஆகும் இடத்தில் மடக்கை முடிவிலிக்குப் போகும். ஆனாலும் அதன் தொகையீடு முடிவுள்ளதுதான்: கூறின் நீளத்தை 2π-ஆல் வகுத்து, அதை (1 − பாதி நீளத்தின் இயல் மடக்கை) என்பதால் பெருக்க வேண்டும். நீளம் 1 என்றால் 0.2695. ஒட்டிய பக்கத்துக்கு 0.0533, எதிர்ப்பக்கத்துக்கு −0.0062.

இப்போது வெப்பநிலையை 50-லிருந்து அளந்தால் இடப்பக்கம் +50, வலப்பக்கம் −50. சமச்சீரால் மேலும் கீழும் 0, இருபுறச் சரிவுகளும் சமமாக எதிரெதிர்க் குறியில். இடப்பக்கக் கணுவின் சமன்பாடு:

50 × 0.5 + (−50) × (−0.1476) = சரிவு × (0.2695 + 0.0062)

இடப்புறம் 32.38, வலப்புறம் 0.2757 × சரிவு. சரிவு சுமார் 117.5. உண்மை 100 என்பதால் 17.5 சதவீதப் பிழை.

பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுவது முக்கியம். சரிவு உண்மையிலேயே பக்கம் முழுவதும் மாறாதது, அதை நம் கூறு சரியாகவே பிடிக்கிறது. மேல், கீழ்ப் பக்கங்களில் வெப்பநிலை 100-லிருந்து 0 வரை இறங்குகிறது, நாமோ அதை 50 என்ற ஒரே எண்ணாக வைத்தோம். முழுப் பிழையும் அங்கேதான். நேரியல் கூறுகளை (கூறுக்குள் மதிப்பு நேர்கோட்டில் மாறுபவை) வைத்து, மூலைகளில் இரண்டு சரிவுகளுக்கு இடம் கொடுத்தால், இதே நான்கு கூறுகளில் சரியாக 100 வரும். கூறுகளைப் பெருக்குவதற்கு முன் எந்த மதிப்பு எப்படி மாறுகிறது என்று யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, உள்ளே ஒரு புள்ளி: இடப்பக்கத்திலிருந்து 0.25 தூரத்தில், நடு உயரத்தில். இங்கே கெழு 1. எல்லா எல்லை மதிப்புகளும் தெரிந்துவிட்டதால் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை, கூட்டினால் போதும். சரிவுப் பங்கு 117.5 × (0.1636 − 0.0353) = 15.07. வெப்பநிலைப் பங்கு 50 × (2.2143 − 1.1760) ÷ 6.2832 = 8.26. மொத்தம் 23.33, ஆக வெப்பநிலை 73.3. உண்மை 75. எல்லையில் 17 சதவீதத்துக்கு மேல் பிழை இருந்தும் உள்ளே வெறும் 2 சதவீதம்தான். தொகையீடு பிழைகளைச் சமன்படுத்திவிடுகிறது. அதனால் உட்புள்ளி நன்றாக வந்திருப்பதை வைத்து எல்லை விடையும் சரி என்று நம்பிவிடக் கூடாது.

படி 4: நிரலாக எழுதும்போது

கூறுகளின் வரிசைத் திசை முதலில். வெளி எல்லையை இடஞ்சுழியாகவும் துளைகளை வலஞ்சுழியாகவும் எண்ணுங்கள். பொருள் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வெளிநோக்கிய செங்குத்து துளையில் துளையின் மையத்தை நோக்கியே இருக்கும். இதில் குறி மாறினால் நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் தவறான விடை தரும்.

தூரக் கூறுகளுக்குச் சாதாரண காஸ் தொகையீடு (சில புள்ளிகளில் மதிப்பெடுத்து எடையிட்டுக் கூட்டுவது), 4 முதல் 6 புள்ளிகளில், போதும். அருகிலிருக்கும் கூறுகளுக்குப் புள்ளிகளைக் கூட்டுங்கள் அல்லது கூறைத் துண்டாக்கித் தொகையிடுங்கள். கணு இருக்கும் கூறில் மடக்கைக்கென்றே உள்ள தனிக் காஸ் அட்டவணையைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் 1987-ல் டெல்லெஸ் தந்த முப்படி மாற்றத்தைப் பயன்படுத்தலாம். புள்ளிகளை முடிவிலி இருக்கும் பக்கமாக அது நெருக்கித் தருகிறது, நிரலில் சில வரிகள்தான்.

அணிகள் தயாரானதும் தெரியாதவை எல்லாம் இடப்புறமும் தெரிந்தவை வலப்புறமும் வரும்படி அணிகளின் நெடுவரிசைகளை மாற்றி, குறியும் மாற்ற வேண்டும். அப்புறம் சாதாரணக் காஸ் நீக்கல் அல்லது நூலகத்தில் உள்ள தீர்வி.

இன்னொன்று: எல்லை முழுவதும் வெப்பநிலை தரப்பட்டு, வடிவம் ஆரம் 1 உள்ள வட்டமாக இருந்தால் ஜி அணி தீர்க்க முடியாததாகிவிடும். 1-இன் மடக்கை 0 என்பதன் விளைவு இது. வேறு வடிவங்களுக்கும் இப்படி ஓர் ஆபத்தான அளவு உண்டு. இரு பரிமாணக் கணக்குகளில் வடிவம் முழுவதும் 1-ஐவிடச் சிறிதாக வரும்படி நீள அலகைப் பெரிதாக்கிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

படி 5: தகைவுக்குப் போவோம்

வெப்பநிலையின் இடத்தில் இடப்பெயர்ச்சி, சரிவின் இடத்தில் பரப்பு விசை (எல்லையில் அலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை). அடிப்படைத் தீர்வின் இடத்தில் கெல்வின் தீர்வு, அதாவது எல்லையற்ற மீள்பொருளில் ஒரு புள்ளியில் அலகு விசை கொடுத்தால் வரும் இடப்பெயர்ச்சி. ஒரு கணுவுக்கு இரு பரிமாணத்தில் 2 எண்கள், முப்பரிமாணத்தில் 3. எல்லைச் சமன்பாட்டுக்கு இங்கே சோமிக்லியானாவின் பெயர். பொருளைப் பற்றித் தர வேண்டியவை நறுக்கக் குணகமும் (சறுக்கி உருமாறுவதை எதிர்க்கும் விறைப்பு) பாய்சான் விகிதமும் (இழுக்கும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவு) மட்டுமே. தளத் திரிபுக்கு (தடிமன் திசையில் நீளமாற்றம் இல்லாத நிலை) எழுதிய நிரலில் பாய்சான் விகிதத்தை, (1 + பாய்சான் விகிதம்) என்பதால் வகுத்த அதே விகிதமாக மாற்றினால் தளத் தகைவுக்கும் (தடிமன் திசையில் தகைவு இல்லாத நிலை) அதே நிரல் ஓடும். ரப்பர் போலப் பாய்சான் விகிதம் 0.5-ஐ நெருங்கும் பொருட்களிலும் இந்தத் தீர்வு உடைவதில்லை. சாதாரண ஃபைனைட் எலிமென்ட் கூறுகள் இறுகிப்போகும் இடம் அது.

கடினம் ஹெச் அணியின் மூலைவிட்டத்தில் இருக்கிறது. பரப்பு விசைக்கான உட்கரு (அடிப்படைத் தீர்விலிருந்து வந்து தொகையீட்டுக்குள் பெருக்கும் சார்பு) இரு பரிமாணத்தில் 1/தூரம் என்று ஏறுகிறது. நேரடியாகத் தொகையிட முடியாது. இங்கே நான்கு கூறுக் கணக்கில் பார்த்த வரிசைக் கூட்டல் கைகொடுக்கிறது. பொருள் முழுவதையும் உருமாறாமல் நகர்த்தினால் எங்கும் பரப்பு விசை இருக்காது. எனவே மற்ற எல்லா 2 × 2 துண்டுகளையும் கூட்டி எதிர்க்குறி இட்டால் மூலைவிட்டத் துண்டு கிடைத்துவிடும். மூலைக் கெழுவும் அதற்குள் அடங்கிவிடும். பொருள் எல்லையற்று விரிந்தது என்றால் அந்தக் கூட்டுத்தொகை 0 அல்ல, அலகு அணி. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் துளைக் கணக்கு எதுவும் சரியாக வராது.

அளவுகளையும் கவனியுங்கள். இடப்பெயர்ச்சி மீட்டரில் மிகச் சிறிய எண், பரப்பு விசை பாஸ்கலில் கோடிக்கணக்கான எண். இரண்டும் ஒரே அணியில் கலந்தால் துல்லியம் போய்விடும். பரப்பு விசைகளை நறுக்கக் குணகத்தால் வகுத்துவிட்டுத் தீருங்கள். எல்லை முழுவதும் விசை மட்டுமே தரப்பட்டிருந்தால் பொருள் எங்கே நிற்கிறது என்பது தீர்மானமாகாது. இரு பரிமாணத்தில் 3, முப்பரிமாணத்தில் 6 நகர்வுகளைக் கட்டிப்போட வேண்டும்.

சோதிக்க வட்டத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையற்ற தகட்டில் தூரத்தில் 100 மெகாபாஸ்கல் இழுவிசை. துளை இல்லாத தகட்டின் சீரான தகைவைத் தனியே வைத்து, துளை விளிம்பில் அதை ரத்து செய்யும் பரப்பு விசைகளைக் கொடுங்கள். துளையின் சுற்றளவை மட்டும் கூறுகளாக்கினால் போதும், தூரத்து எல்லை தேவையே இல்லை. கிடைத்த விடையுடன் சீரான தகைவைக் கூட்டினால், இழுக்கும் திசைக்குச் செங்குத்தான இரு விளிம்புப் புள்ளிகளில் 300 மெகாபாஸ்கல், இழுக்கும் திசையிலுள்ள இரு புள்ளிகளில் −100 மெகாபாஸ்கல் வர வேண்டும். 1898-ல் கிர்ஷ் கண்ட விடை இது. துளையின் ஆரம் எவ்வளவானாலும் இந்த 3 மடங்கு மாறாது. மாறினால் உங்கள் நிரலில் எங்கோ அலகு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளிம்பில் தகைவைப் பெறுவதற்கு உட்புள்ளிச் சூத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். எல்லையில் அது முடிவிலியாகிவிடும். கணுக்களின் இடப்பெயர்ச்சியை விளிம்பு வழியே வகைக்கெழு எடுத்தால் தொடுகோட்டுத் திரிபு கிடைக்கும். அதோடு தெரிந்த பரப்பு விசைகளைச் சேர்த்து ஹூக் விதியில் போட்டால் மூன்று தகைவுகளும் வந்துவிடும். உட்புள்ளிகளை எல்லையிலிருந்து குறைந்தது ஒரு கூறு நீளம் தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்க வேண்டும் என்றால் அந்த இடத்துக் கூறுகளைத் துண்டாக்குங்கள்.

படி 6: வெப்பத் தகைவு

முதலில் வெப்பக் கணக்கு, அதன் விடையை எடுத்துக்கொண்டு தகைவுக் கணக்கு. வெப்பநிலை நிலையானது, உள்ளே மூலம் இல்லை என்றால் வெப்ப விரிவின் விளைவையும் எல்லைத் தொகையீடாகவே மாற்றலாம். எல்லை வெப்பநிலையும் சரிவும் ஏற்கெனவே கையில் இருப்பதால் உள்ளே வலை தேவைப்படாது.

இதற்கு இரண்டு சோதனைகள். முதலாவது நம் சதுரத் தகடேதான்: 100-லிருந்து 0-க்கு நேர்கோட்டில் இறங்கும் வெப்பநிலை, எந்தப் பக்கமும் கட்டப்படவில்லை. தகடு வளையும், விரியும், ஆனால் எந்த இடத்திலும் தகைவு 0 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது, இரு முனையும் அசையாமல் கட்டிய எஃகுத் தண்டு. யங் குணகம் 200 கிகாபாஸ்கல், விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000012, வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் அமுக்கத் தகைவு 240 மெகாபாஸ்கல். முதல் சோதனையில் தவறும் நிரல் இரண்டாவதில் தேறிவிடக்கூடும், அதனால் இரண்டையும் ஓட்டுங்கள்.

கடத்துத்திறன் வெப்பநிலையோடு மாறினால் கிர்க்காஃப் மாற்றம் (வெப்பநிலைக்குப் பதில் கடத்துத்திறனின் தொகையீட்டை மாறியாக எடுப்பது) அதை மீண்டும் லாப்லாஸ் சமன்பாடாக்கிவிடும். நேரத்தோடு மாறும் வெப்பத்துக்கு நேரம் சேர்ந்த அடிப்படைத் தீர்வு உண்டு, ஆனால் ஒவ்வொரு நேரப்படியிலும் பழைய படிகள் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1982-ல் நார்டினியும் பிரெபியாவும் தந்த இரட்டைப் பரிமாற்ற முறை அதைத் தவிர்க்கிறது. சில உட்புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்.

படி 7: அடுக்குகளும் விரிசல்களும்

இரண்டு பொருட்கள் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாக அணிகளை அமைத்து, இடைமுகத்தில் வெப்பநிலை சமம், ஒன்றிலிருந்து வெளியேறும் வெப்பம் மற்றதற்குள் நுழைகிறது என்று இணையுங்கள். தகைவில் இடப்பெயர்ச்சி சமம், பரப்பு விசைகள் சமமும் எதிரும்.

விரிசலில் மட்டும் ஒரு சிக்கல். அதன் இரு முகங்களும் ஒரே இடத்தில் இருப்பதால் இரு முகத்திலும் ஒரே சமன்பாடுதான் வரும், அணி தீராது. ஒரு முகத்தில் இடப்பெயர்ச்சிச் சமன்பாடும் மறுமுகத்தில் அதை வகைக்கெழு எடுத்துப் பெறும் பரப்பு விசைச் சமன்பாடும் போடுவது இரட்டை எல்லைக் கூறு முறை. 1992-ல் போர்ட்டேலா, அலியாபாதி, ரூக் மூவரும் இதை விரிசல் கணக்குகளுக்கு நிலைநிறுத்தினார்கள். விரிசல் வளரும்போது நுனியில் புதிய கூறுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம், பழைய அணியில் ஏற்கெனவே உள்ள உறுப்புகள் மாறுவதில்லை. களைப்பு விரிசல் ஆய்வில் இந்த முறைக்கு இருக்கும் மதிப்புக்கு இதுவே காரணம்.

படி 8: கணக்கு பெரிதானால்

10,000 தெரியாத எண்கள் என்றால் ஓர் அணிக்கு 80 கோடி பைட்டு, சாதாரண மடிக்கணினி தாங்கும். 1,00,000 என்றால் 8,000 கோடி பைட்டு, தாங்காது. தீர்க்கும் நேரமோ எண்ணிக்கையின் முப்படியில் ஏறும். அந்தக் கட்டத்தில் அணியை முழுதாகச் சேமிப்பதையே விட்டுவிட வேண்டும். 1987-ல் கிரீன்கார்டும் ரோக்லினும் தந்த வேகப் பன்முனை முறை தூரத்துக் கூறுகளைக் குழுவாக்கி ஒரே மூலம்போல நடத்துகிறது. 1999-ல் ஹாக்புஷ் அறிமுகப்படுத்திய படிநிலை அணிகள் தூரத் துண்டுகளைச் சில நெடுவரிசைகளின் பெருக்கலாகச் சுருக்கி வைக்கின்றன. இரண்டிலும் செலவு ஏறத்தாழ எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில், சற்றே கூடுதலாக ஏறும். தீர்வுக்கு ஜிஎம்ரெஸ் போன்ற திரும்பத் திரும்ப நெருங்கும் தீர்விகள் வேண்டும். முன்கூட்டியே அணியைச் சீராக்கிக் கொடுக்காவிட்டால் அவை மெதுவாகும். புதிதாக எழுதுபவர்களுக்கு முதலில் படிநிலை அணிகளையே சொல்வேன், ஏனென்றால் உட்கரு மாறினாலும் நிரலின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வெப்பத்துக்கு எழுதியதைத் தகைவுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.